கம்பிக்குக் கீழே

நான் வக்கீல் என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. "சிவிலா, கிரிமினலா?" என்பது அடுத்த கேள்வி. மின்சாரச் சட்டம் என்பேன். எதிரில் இருப்பவர் ஒரு கணம் யோசிப்பார். பிறகு முகம் மலரும். "அப்படியா! எங்க வீட்டுல ரெண்டு தடவையா ஈபி பில் எகிறிக்கிட்டே போகுது. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

பார்த்துச் சொல்லியிருக்கிறேன். கல்யாணப் பந்தியில், ரயிலில், ஒருமுறை பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தலையை மட்டும் ஆட்டி. பத்தொன்பது வருடமாக இதுதான் என் தொழில். காலையில் ஒழுங்குமுறை ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ வாதம். வாரத்தில் இரண்டு பிற்பகல் ஒரு சட்டக் கல்லூரியில் வகுப்பு. வருடா வருடம் இறுதியாண்டு மாணவர்கள் சிலர் வகுப்பு முடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு மேசைக்கு அருகில் வந்து நிற்பார்கள். "மேம், இந்த ஃபீல்டுல ஸ்கோப் இருக்கா?"

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. எங்கெங்கே என்பதையும் கீழே சொல்கிறேன். ஆனால் அந்த வேலையை எங்கே நின்று செய்வது என்ற இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அது புரியவே பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

*

என் அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊர். மழை வந்தால் மற்ற வீடுகளில் அப்பாக்கள் வீட்டுக்குள் வருவார்கள். எங்கள் வீட்டில் வெளியே போவார். எர்த் ராடு, கயிறு, கட்டிங் பிளேயர், ஒரு டார்ச் லைட். எங்கோ ஒரு தென்னை மட்டை கம்பிமேல் விழுந்திருக்கும்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் மடித்த தாள் ஒன்று இருக்கும். எல்.சி. என்பார்கள், லைன் கிளியர். வேலை செய்யப்போகும் லைனை எத்தனை மணிக்கு அணைத்தார்கள், யார் அணைத்தார், யார் பொறுப்பில் வாங்கியிருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள். அதை வாங்கியவரே வேலையை முடித்து, ஆட்களை இறக்கி, திருப்பிக் கொடுக்கும்வரை அந்த லைனை யாரும் சார்ஜ் பண்ணக்கூடாது. அமைச்சரே போன் பண்ணினாலும் கூடாது என்பார் அப்பா. "கரண்ட்டு கண்ணுக்குத் தெரியாது கண்ணு. அதனாலதான் எழுதி வெக்கோணும்."

நான் சட்டம் படித்து எத்தனையோ ஒப்பந்தங்களைப் பார்த்துவிட்டேன். 25 வருட மின்கொள்முதல் ஒப்பந்தம், நூற்றுக்கணக்கான பக்கம். ஆனால் ஒரு கையெழுத்து எதற்காக என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒற்றைத் தாள்தான். எழுதியபடி நடக்கவில்லை என்றால் கம்பத்தின் மேலே இருப்பவர் செத்துப்போவார். சட்டத்தில் இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

எங்கள் பக்கத்தில் மின்சாரத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1932இல் பைக்காராவில் நீர்மின் நிலையம் வந்ததும் கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. பின்னாளில் கிணறுகளில் பம்புசெட் வந்தது. 1970இல் விவசாய மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா கூட்டியதை எதிர்த்துப் போராடியபோது, பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் இறந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் அந்த இயக்கம் 1972இல் மாட்டுவண்டிகளோடு கோவை நகரையே அடைத்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. இன்றைக்கு டிவி விவாதத்தில் 'இலவசம்' என்று ஒருவர் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகும்போது எனக்கு அந்த ஒரு பைசாதான் நினைவுக்கு வரும்.

*

நான் சட்டக் கல்லூரியில் படித்தபோது மின்சாரச் சட்டம் என்று ஒரு பாடமே இல்லை. சட்டமே அப்போதுதான் புதிது. 1910ஆம் ஆண்டுச் சட்டம், 1948ஆம் ஆண்டுச் சட்டம், 1998ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் மூன்றையும் ஒதுக்கிவிட்டு, மின்சாரச் சட்டம் 2003, அந்த வருடம் ஜூன் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. உற்பத்திக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றார்கள். அடுத்தவர் கம்பி வழியாக உங்கள் மின்சாரத்தைக் கொண்டுபோகலாம் என்றார்கள். விலையை அரசு நேரடியாக நிர்ணயிக்காது, ஆணையம் நிர்ணயிக்கும் என்றார்கள். டெல்லியில் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதற்கு மேல் உச்ச நீதிமன்றம். அதுவரை இல்லாத ஒரு புது வக்கீல் தொழிலை அந்த ஒரு சட்டம் உண்டாக்கியது.

சென்னையில் என் சீனியர் முதல் நாள் கையில் கொடுத்தது சட்டப் புத்தகம் இல்லை. ஒரு கட்டண ஆணை. தடியான தாள்கட்டு, பூராவும் அட்டவணை. "இதை ஒரு கதை மாதிரி படி. யாரு யாருக்குக் காசு குடுக்கறாங்கன்னு மட்டும் பாரு" என்றார். ஒரு வாரம் படித்தேன். ஆலை அதிகம் கட்டுகிறது, குடிசை குறைவாகக் கட்டுகிறது, அரசு மானியம் தருகிறது, அது தாமதமாக வருகிறது, வாரியம் கடன் வாங்குகிறது, வட்டி ஏறுகிறது, அது மறுபடி கட்டணத்தில் வந்து நிற்கிறது. அந்த எண்களுக்குள் மொத்தத் தமிழ்நாடும் இருந்தது.

முதலில் கிடைத்த வேலையெல்லாம் காற்றாலை வழக்குகள். எங்கள் ஊர்ப்பக்க நூற்பாலைகளுக்கு முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலை உண்டு. மே முதல் செப்டம்பர் வரை காற்று அள்ளிக்கொண்டு வரும். ஆலை பயன்படுத்தியது போக மீதியை வாரியத்தின் கணக்கில் வைத்துவிட்டு, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்வார்கள். இதற்கு 'பேங்கிங்' என்று பெயர். காற்றை வங்கியில் போட்டுவைப்பது! ஆனால் மின்சாரத்தைச் சேமித்து வைக்க முடியாது. வாரியம் அன்றைக்கே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, பிறகு வேறு எங்கிருந்தோ வாங்கித் திருப்பித் தருகிறது. அந்த இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை யார் தாங்குவது? அந்த ஒரு கேள்வியிலேயே பல வக்கீல்களின் பிள்ளைகள் படித்து முடித்தார்கள். என் பெண்ணும் அதில் ஒருத்தி.

ஸ்கோப் பற்றிக் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: இதன் அகலம் இவ்வளவுதான் என்று சொல்ல முடியாது. ஒரு மூலையில் வீட்டு இணைப்பு. பதினைந்து நாள் எழுத்துபூர்வ நோட்டீஸ் இல்லாமல் உங்கள் ஃபியூஸைப் பிடுங்க முடியாது. பில்லில் தொடர்ந்து பாக்கியாகக் காட்டி வராத தொகைக்காக இரண்டு வருடம் கழித்து வந்து இணைப்பைத் துண்டிக்கவும் முடியாது. இரண்டும் 56ஆம் பிரிவு. இன்னொரு மூலையில் கப்பல் கப்பலாக நிலக்கரி. இந்தோனேசியாவில் சட்டம் மாறி நிலக்கரி விலை ஏறியதால் ஒப்பந்த விலைக்கு மின்சாரம் தர முடியாது என்று பெரிய நிறுவனங்கள் சொன்னபோது, விலை ஏறுவது தெய்வச்செயல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. இரண்டு மூலைக்கும் நடுவில் சொந்த உற்பத்தி, கூரைமேல் சூரியத் தகடு, மின்திருட்டு, அணுஉலை, சார்ஜிங் நிலையம். கணக்குப் பார்க்கச் சலிக்காதவர்கள் வரலாம். பொறியாளரிடம் 'எனக்குப் புரியல, மறுபடி சொல்லுங்க' என்று மூன்று தடவை கேட்க வெட்கப்படாதவர்கள் கட்டாயம் வரலாம்.

*

பாடம் எடுக்கப் போனது தற்செயல்தான். விருந்தினர் விரிவுரை ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள், அப்புறம் ஒரு செமஸ்டருக்கு வரச் சொன்னார்கள். தொழில் செய்யும் வக்கீல் சட்டம் கற்பிக்கலாம், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் என்று விதி இருக்கிறது. சம்பளம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பெட்ரோலுக்குச் சரியாகப் போய்விடும்.

முதல் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்விதான். மின்சாரத்தைத் திருட முடியுமா?

சிரிப்பார்கள். "கொக்கி போட்டா திருட்டுதானே மேம்." சரி, திருட்டு என்றால் என்ன? ஒருவர் வசமுள்ள அசையும் பொருளை நேர்மையற்று நகர்த்துவது. மின்சாரம் அசையும் பொருளா? அதைப் பிடித்துக் காட்ட முடியுமா? இந்தக் கேள்வி 1960களில் பஞ்சாபிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அவ்தார் சிங் வழக்கு. தண்டனைச் சட்டத்தின்படி இது திருட்டே இல்லை, 1910ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 'திருட்டாகக் கருதப்படும்' என்று சொல்வதால்தான் திருட்டு, ஆகவே அந்தச் சட்டத்தில் சொல்லப்பட்டவர் கேட்டால்தான் வழக்கு நடத்தலாம் என்று தீர்ப்பு வந்தது. அதே மின்சாரத்தை விற்பனை வரிக்காகச் சரக்கு என்று இன்னொரு வழக்கில் சொன்னார்கள். 2013இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் திருவண்ணாமலையிலிருந்து ஒரு வழக்கு வந்தது. புறம்போக்கில் குடியிருந்தவர்களுக்கு மின்இணைப்பு மறுக்கப்பட்ட வழக்கு. மின்சாரம் கிடைப்பதை ஒரு மனித உரிமையாகப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

திருட முடியாத ஒன்று, விற்கக்கூடிய ஒன்று, உரிமையான ஒன்று. மூன்றும் ஒரே கம்பியில்தான் வருகிறது.

அம்பேத்கரைப் பற்றியும் சொல்வேன். அரசியலமைப்பின் அம்பேத்கரைத் தெரிந்த பிள்ளைகளுக்கு மின்சார அம்பேத்கரைத் தெரிந்திருக்காது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தபோது மின்துறையும் அவரிடம் இருந்தது. 1943 அக்டோபரில் மின்கொள்கைக் கூட்டத்தில் அவர் பேசிய உரையைப் படிக்கச் சொல்வேன். மின்சாரம் ஏன் மலிவாக இருக்க வேண்டும், யார் கையில் இருக்க வேண்டும் என்று அவர் கேட்ட கேள்விகளைத்தான் 80 வருடம் கழித்து ஆணையங்களில் வேறு வார்த்தைகளில் நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

கோர்ட்டில் கட்சிக்காரர் பக்கத்துக் கேள்வியை மட்டும்தான் கேட்க முடியும். வகுப்பில் மொத்தக் கேள்வியையும் கேட்கலாம். பெட்ரோலுக்கே சரியாகப் போகும் அந்த வேலையை விடாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

*

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவைப் பார்க்க ஒருவர் வந்தார். பக்கத்து ஊர். எழுபதைத் தாண்டியவர். அவர் கிணற்று மோட்டாருக்கு சர்வீஸ் கொடுத்த நாளிலிருந்து அப்பாவுக்குப் பழக்கம். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் பட்டா, சிட்டா, கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த ஒரு தாள். அவர் தோட்டத்து வழியாக 400 கிலோவோல்ட் லைன் போகிறது. ஒரு டவர் தோட்டத்துக்குள்ளேயே.

"அம்மிணி, டவர் நிக்கற எடத்துக்குப் பட்டா ஆரு பேர்லீங்க இருக்கும்?"

"உங்க பேர்லதானுங்க ஐயா."

"கம்பி போற எடம்?"

"அதுவும் உங்க பேர்லதான்."

"அப்ப அதுல ஊடு கட்டிக்கலாமுங்களா?"

"கட்டக்கூடாதுங்க."

"தென்னை வெக்கலாமா?"

"முடியாதுங்க."

"போர் போட வண்டி வந்து நிக்குமா?"

"கம்பிக்குக் கீழ அது ஆபத்துங்க."

"பேங்க்குல கடன் கேட்டா இந்த எடத்த மதிப்பாங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். "அப்பறம் எதுக்குங்க என்ற பேர்ல பட்டா?"

சட்டம் சொல்வது இதுதான். மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, கம்பி இழுக்கும் நிறுவனத்துக்குத் தந்தித் துறைக்கு இருந்த அதிகாரங்களை அரசு கொடுக்கலாம். அந்த அதிகாரங்கள் இருப்பது 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தில். யார் நிலத்தின் மேலும் கம்பி கொண்டுபோகலாம். நிலத்தை வாங்க வேண்டியதில்லை, கையகப்படுத்த வேண்டியதில்லை. பயன்படுத்தும் உரிமை மட்டும் போதும். முடிந்தவரை குறைவாகச் சேதம் செய்ய வேண்டும், முழு நஷ்டஈடு தர வேண்டும். நிலத்துக்காரர் மறித்தால் மாவட்ட ஆட்சியர் உத்தரவு போடலாம். தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

1885இல் அது நியாயமாகத்தான் இருந்திருக்கும். தந்திக் கம்பி எவ்வளவு மெல்லியது! ஒரு கம்பம், அதன்மேல் ஒரு கம்பி, அதில் ஒரு காக்கை. கீழே மாடு மேயும், சோளம் விளையும். 400 கிலோவோல்ட் லைனுக்கு 46 மீட்டர் அகலத்தில் வழித்தடம் வேண்டும். நாலு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவரின் தோட்டத்தில் குறுக்கே 46 மீட்டர் போனால் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம்.

இந்த நாட்டில் கடைசித் தந்தி போனது 2013 ஜூலையில். தந்தி போய்விட்டது, தந்திச் சட்டம் போகவில்லை. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து அந்தப் பழைய சட்டத்தை நீக்கியது. நீக்கும்போதே, மின்கம்பி இழுக்கும் வேலைக்கு மட்டும் அதன் மூன்றாம் பாகம் நீக்கப்படாதது போலவே தொடரும் என்று ஒரு வரியும் எழுதி வைத்தது. செத்துப்போன சட்டத்தின் ஒரு கை மட்டும் உயிரோடு இருக்கிறது. அந்தக் கை இருப்பது தோட்டங்களில்.

*

அந்தப் பெரியவரின் வழக்கை எடுத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய எனக்கு ஒரு வாரம் ஆனது. என் வருமானத்தில் பெரும்பகுதி காற்றாலை, சூரிய மின் நிறுவனங்களிடமிருந்து. அவர்கள் எல்லோருக்கும் கம்பி வேண்டும். எங்கோ வெயிலிலும் காற்றிலும் உற்பத்தியாவது ஊருக்கு வர வேண்டுமென்றால் யாருடைய தோட்டத்தையாவது தாண்டித்தான் வர வேண்டும். நிலக்கரியைக் குறைக்க அது வேண்டும் என்று நானும் நம்புகிறேன். ஆணையத்தில் நின்று அதைச் சொல்லியிருக்கிறேன்.

பெரியவர் தோட்டத்து லைன் என் கட்சிக்காரர்கள் யாருடையதும் இல்லை. விதிகளைப் பார்த்தேன். நான் ஆஜராகத் தடையில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டேன். சில வாரத்தில் எனக்கு மாதாமாதம் கட்டணம் தரும் ஒரு நிறுவனத்தின் சட்ட மேலாளர் போன் செய்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அது எங்க லைன் இல்லதான். ஆனா நாளைக்கு எங்க லைனுக்கும் இதே ஆர்க்யூமென்ட் வரும்ல?"

"வரும் சார்."

"அப்ப எங்க சைடு வக்கீலே அதை எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"இதுல என் வாதம் கம்பி வரக்கூடாதுன்னு இல்ல சார். முழு நஷ்டஈடுன்னு சட்டமே எழுதியிருக்கு. அந்த 'முழு'ங்கிற வார்த்தைக்குத்தான் அர்த்தம் கேக்கறேன்."

"யோசிங்க மேடம்."

யோசித்தேன். அடுத்த ஏப்ரலில் அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இரண்டு ஜூனியர்கள், ஒரு கிளார்க், அலுவலக வாடகை, பெண்ணின் கல்லூரிக் கட்டணம். சில மாதங்கள் நகையை வைத்து ஓட்டினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் எப்படியோ தெரிந்துகொண்டு, தன் பென்ஷனிலிருந்து ஒரு தொகையைக் கவரில் போட்டு அம்மாவிடம் கொடுத்தனுப்பினார்.

வழக்கில் நான் நம்பியிருந்தது பெரும்பாலும் உச்ச நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை. கேரள மின்வாரியம் எதிர் லிவிஷா. நஷ்டஈட்டை ஒரே வாய்ப்பாடு வைத்துப் போடாதீர்கள் என்கிறது அது. நிலம் எங்கே இருக்கிறது, கம்பி ஓரமாகப் போகிறதா நடுவில் போகிறதா, மிச்ச நிலம் எதற்கு உதவும் என்று பாருங்கள் என்கிறது. கூடவே மத்திய மின்துறையின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி. டவர் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். எதிர்த்தரப்பு தென்னைக்கு மட்டும் கணக்குப் போட்டு வந்திருந்தது. ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று.

பெரியவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார்கள். அவர் மரத்தைப் பற்றிப் பேசவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் மகனுக்கு வீடு கட்ட அஸ்திவாரம் போட்டிருந்ததை மட்டும் சொன்னார். எத்தனை அடி, எந்த மாதம் தோண்டியது, எத்தனை லோடு கல் இறக்கியது.

டவர் நின்றது. அது நிற்கத்தான் போகிறது என்று அவருக்கு முதல் நாளே சொல்லியிருந்தேன். ஆனால் தென்னைக்கான தொகை கூடியது. நிலமதிப்புக் குறைந்ததற்குத் தனியாக ஒரு தொகை விதித்தார்கள். அஸ்திவாரத்துக்கும். மகன் இப்போது திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறார். ஜெயித்த வழக்கு என்று இதைச் சொல்லலாமா என்று எனக்குள் கேட்டுக்கொள்வதுண்டு. பெரியவரைக் கேட்டால் "கேக்கறதுக்கு ஒருத்தர் இருந்தாங்கல்ல" என்பார்.

2024 ஜூனில் மத்திய அரசு அந்த வழிகாட்டியை மாற்றியது. டவர் இடத்துக்கு நிலமதிப்பைப்போல் இரண்டு மடங்கு, வழித்தடத்துக்கு 30 சதவீதம். இது பல மாநிலங்களில் பல விவசாயிகள் பல வருடம் மறித்ததால் வந்தது. எந்த ஒரு வக்கீலின் சாமர்த்தியமும் அதில் இல்லை. அது வழிகாட்டிதான், சட்டம் இல்லை என்பதையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

*

அதே வருடம் மார்ச்சில் உச்ச நீதிமன்றம் எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் என்ற பெரிய பறவை மின்கம்பிகளில் மோதிச் செத்துக்கொண்டிருந்தது. 2021இல் நீதிமன்றம் அந்தப் பகுதிகளில் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. சூரிய மின்திட்டங்கள் தடைபடும் என்று அரசு முறையிட்டது. 2024இல் அந்த உத்தரவைத் தளர்த்தி, எங்கே மண்ணுக்கடியில் போக முடியும் என்று பார்க்க ஒரு நிபுணர் குழு போட்டார்கள். அதே தீர்ப்பில், பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படுவது மக்களின் உரிமை என்றும் சொன்னார்கள். அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அது இருக்கிறது என்றார்கள்.

வகுப்பில் இதைச் சொல்லி முடித்ததும் மூன்றாவது வரிசையில் காங்கேயம் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை.

"மேம், பறவைக்காக மண்ணுக்கடியில போகச் சொல்ல முடியும்னா, எங்க தாத்தா தோட்டத்துக்கு ஏன் மேம் யாரும் சொல்லல?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு எங்கள் ஊர் வழியாகவே போகும் லைனின் கதையைச் சொன்னேன். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூர் வரை 800 கிலோவோல்ட்டில் ஒரு லைன் வருகிறது. புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு 320 கிலோவோல்ட்டில் இன்னொன்று போகிறது. தமிழ்நாட்டுக்குள் முழுக்க டவர். கேரளத்துக்குள் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் மண்ணுக்கடியில் கேபிள். அங்கே வீடுகள் நெருக்கம், வழித்தடம் கிடைக்கவில்லை. 2018, 2019இல் கொங்குப் பகுதி விவசாயிகள் டவர்களுக்கு எதிராகப் போராடியபோது இதைத்தான் கேட்டார்கள். அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?

பொறியாளர்களிடம் பதில் உண்டு. வோல்டேஜ் கூடக் கூடக் கேபிளின் செலவு பல மடங்கு. பழுதைக் கண்டுபிடிக்க நேரமாகும். அந்தச் செலவு கடைசியில் கட்டணத்தில் ஏறி, குடிசை வீட்டின் பில்லுக்கும் வந்து சேரும். இதெல்லாம் உண்மை. நானே இந்த வாதத்தை வைத்திருக்கிறேன். ஆனால் இன்றைக்கு அந்தச் செலவு இல்லாமல் போய்விட்டதா? இல்லை. உங்கள் தாத்தாவின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. கட்டண ஆணையில் வராத ஒரு கணக்கு அது. கம்பிக்குள் ஓடும் ஒவ்வொரு யூனிட்டையும் எண்ணும் சட்டம், கம்பிக்குக் கீழே இருப்பதை எண்ண இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

"அந்தப் பறவைக்காக ஒருத்தர் மனு போட்டார்" என்றேன். "கோர்ட் தானாக எழுந்து வந்து யார் தோட்டத்தையும் பார்க்காதும்மா."

அவள் உட்கார்ந்தாள். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

*

அந்தக் கேள்விக்குப் பிறகு என் பாடத்தில் ஒரு வேலை சேர்ந்தது. இன்டர்னல் மார்க்குக்காகத் தீர்ப்புச் சுருக்கம் எழுதுவதை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஊருக்குப் போகும்போது ஏதாவது ஒரு டவரின் கீழே போய் நிற்க வேண்டும். அதில் எச்சரிக்கைப் பலகையோடு லைன் பெயர், வோல்டேஜ், டவர் எண் எழுதியிருக்கும். குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நிலம் யாருடையது என்று விசாரித்து அவர் வீட்டுக்குப் போக வேண்டும். எப்போது வந்தது, யார் வந்து பேசினார்கள், என்ன கொடுத்தார்கள், கையில் என்ன தாள் இருக்கிறது. நாலு பக்கம் எழுதினால் போதும். தொட வேண்டாம், ஏற வேண்டாம், மழை நாளில் போகவே வேண்டாம் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன். லைன்மேன் பெண் ஆயிற்றே.

அறிக்கைகள் வந்தன. பல வீடுகளில் ஒரு தாளும் இல்லை. கொடுத்த தொகை எதற்கு, மரத்துக்கா நிலத்துக்கா என்று வாங்கியவருக்கே தெரியவில்லை. மாவட்ட நீதிபதியிடம் போகலாம் என்ற ஒன்று இருப்பதையே யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு பையன் தன் அறிக்கையோடு தனியாக மூன்று பக்கம் இணைத்திருந்தான். அவன் பார்த்த நிலத்துக்காரப் பாட்டிக்காக எழுதிய மனு. மார்ஜினில் பென்சிலால் எனக்கு ஒரு குறிப்பு: "மேம், ஃபார்மட் சரியா? இத யார் ஃபைல் பண்ணுவாங்க?"

சர்வே எண்ணை ஓரிடத்தில் மாற்றி எழுதியிருந்தான். சிவப்பு மையால் வட்டம் போட்டேன். வாய்தா டைரியில் ஒரு நாளைக் குறித்துவிட்டு, மனுவோடு வக்காலத்துப் படிவம் ஒன்றையும் பின் பண்ணி, பாட்டியிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.